ஸ்டியரிங்கில் ஒரு 'டக்'

1
இந்தக் கதை உள்ளங்கையில் தொடங்கியது. ஒரு சின்ன 'டக்'. காதில் கேட்கவில்லை, கையில் பட்டது.

முதல் வரியை இரண்டு முறை எழுதினேன்.

பட்டறையில் அன்று நல்ல வெயில் (வேண்டாம்.)

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு லாரி இருந்தது. (இது உண்மை. இருக்கட்டும்.)

2
அவள் லாரி மெக்கானிக்கின் மகள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது; பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ('நான்' என்று எழுதினால் பேனா நகர்வதில்லை. 'அவள்' என்றே இருக்கட்டும்.) அப்பா வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். அவள் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டுவாள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் எந்த மூட்டு தேய்ந்து ஆடுகிறது என்று அவர் பார்ப்பார்.

"இடது... வலது... தூங்கிட்டியா?"

"இல்லப்பா."

ஒரு நாளில் அவர்கள் பேசிக்கொள்வது ஏறக்குறைய இவ்வளவுதான்.

3
இன்று வந்தது கல் ஏற்றும் டிப்பர் லாரி.

"நேரா போன்னா என் மச்சான் மாதிரி வேற பக்கம் போகுதுண்ணே" என்றார் டிரைவர்.

அப்பா ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கினார். அவள் ஆட்டினாள். எந்த மூட்டும் ஆடவில்லை. கோளாறு ஸ்டியரிங் பெட்டியில்தான் என்று அதை இறுக்கினார்.

(தப்பு இங்கேதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது தேய்ந்த மூட்டும் நல்லபிள்ளையாக இருக்கும். பாரத்தோடு தரையில் நிறுத்தி இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியாததல்ல. முதுகுவலி, மறுபடி படுக்க முடியவில்லை.)

"சரியாயிடுச்சு. லோடு ஏத்திக்கோ."

வண்டியைக் கீழே இறக்கியதும் அவள் சும்மா ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். டக்.

4
சொல்லியிருக்கலாம். போன மாதம் வேறொரு வண்டியில் 'டக்' என்று சொன்னாள். அப்பா பாதி வண்டியைப் பிரித்தார். சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.* அந்த டிரைவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவர் அவள் சொல்வதை

*பாதி காலி. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

5
முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள், அப்பா கண் கலங்குகிறார். படித்துப் பார்த்தேன். எங்கள் அப்பா இல்லை அவர்.

முடிவு இரண்டு: இறக்கத்தில், கல் பாரத்தோடு, டிப்பர்

எழுத மாட்டேன்.

6
உண்மையில் முடிவு இன்னும் வரவில்லை. நான் வண்டிக்குள்தான் இருக்கிறேன். ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வருகிறார். அப்பா குழாயடியில் கை கழுவுகிறார். "இறங்கும்மா" என்கிறார், திரும்பிப் பார்க்காமல்.

நோட்டுக்கு அடியில் ஹாரன் இருக்கிறது. அதை அடிக்க வாய் வேண்டியதில்லை. அடித்தால் அவர் திரும்புவார்.

இந்த நோட்டில் இவ்வளவு தூரம் யாரும் கூட வந்ததில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் கையை இந்தப் பக்கத்தின் மேல் வையுங்கள். கொஞ்சம் அழுத்தினால் போதும்.