அரையணாவின் நிறம்

காலை ஐந்து பத்து பாசஞ்சருக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ராமபத்ரன் திருவள்ளூர் ஸ்டேஷன் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். விரல் இடுக்கில் தடவியிருந்த மஞ்சளெண்ணெய் செருப்பில் கறையாகியிருந்தது. முந்தாநாள் அமாவாசை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து பகல் ஒன்றுவரை குளத்துப் படியில், ஈரத்தில் உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணிவைத்தார். சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த அமாவாசை வந்துவிடுகிறது. வயது ஐம்பத்து நாலு.

இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். காசு இருந்தது.

அது போன மாத அமாவாசையில் வந்தது. திருப்பாச்சூர்ப் பக்கம் நெல் வைக்கிற முனுசாமி என்பவன், தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு எழுந்து, தட்டில் நாலணா போட்டான். அதன்மேல் கறுப்பாக ஒரு பெரிய செப்புக்காசையும் போட்டான்.

"இது செல்லாதேப்பா" என்றார் ராமபத்ரன்.

"உனுக்கே செல்லலன்னா எனுக்கு எங்க சாமி செல்லும்? ஊட்டுப் பானைல கெடந்துச்சு. எங்கப்பன் கைல சேர்த்துடு. மேல எதனா டீக்கடை இருந்தா குடுத்து வாங்கிக்கட்டும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ராமபத்ரனும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். செல்லாத காசு படிக்கு வருவது புதிதில்லை. கடைக்காரன் வாங்காததை உண்டியலில் போடுவார்கள். உண்டியலுக்குக் கூச்சப்படுகிறவர்கள் வாத்தியார் தட்டில் போடுவார்கள்.

தட்டில் விழுந்த காசை மனைவி கோமளவல்லி அப்படியே வீட்டுக்குள் விடமாட்டாள். பித்ரு காரியத்துக் காசு. எள் ஒட்டியிருக்கும். கிணற்றடியில் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் உலர்த்தின பிறகுதான் பெருமாள் அலமாரிக்குப் போகும். செல்லாதது தனியாக ஒரு டப்பாவுக்குப் போகும். அதையும் தேய்த்துத்தான் போடுவாள்.

அன்றைக்கு அந்த ஒரு காசை மட்டும், தேய்ப்பதற்கு முன்னாலேயே, மகள் வைஜயந்தி எடுத்துக்கொண்டாள். அரையணா. 1862. ராணி விக்டோரியாவின் தலைமயிர் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. கைமாறித் தேய்ந்த காசு இல்லை. அடித்த நாளிலிருந்து எங்கேயோ சும்மா கிடந்தது.

அவள் டைப்ரைட்டிங் படிக்கிற இன்ஸ்டிட்யூட்டில் வாத்தியார் யேசுதாஸ். அவருடைய தங்கை புருஷன் பாக்கியநாதன், கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் சம்பள குமாஸ்தா. பழைய காசு சேர்க்கிறவர். யேசுதாஸ் காசைப் பார்த்துவிட்டு அவருக்கு எழுதினார். பத்து நாளில் கார்டு வந்தது. எழுதியிருப்பதுபோல் இருந்தால் அறுபது ரூபாய் தருகிறேன், நேரில் யாராவது கொண்டு வரட்டும்.

வைஜயந்தி அந்தக் கார்டை நாலு தடவை படித்தாள்.

ஹையர் பரீட்சைக்குக் கட்டணம் இருபத்து நாலு ரூபாய். கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. போன தடவையும் கட்டவில்லை. அதற்கு முந்தின தடவையும் கட்டவில்லை. கேட்கக்கூடிய வீடுகளில் கேட்டாகிவிட்டது. லோயர் பாஸ் பண்ணி இரண்டு வருஷமாக அவள் தினமும் ஒரு மணி நேரம் போய், அதே பாடத்தை அடித்துவிட்டு வருகிறாள். யேசுதாஸ் அவளிடம் மாதச் சம்பளம் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்பதைவிட அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்று புதன்.

நேற்றுச் சாயங்காலம் வைஜயந்தி இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருந்தபோது கோமளவல்லி காசைக் கையில் எடுத்தாள்.

"ஏன்னா, இதை எப்படி ஒருத்தர் கையிலே குடுக்கறது?"

"ஏன்?"

"தர்ப்பணத் தட்டிலே விழுந்தது. அவாத்திலே குழந்தை குட்டி இருக்கும். அழுக்கோட நீட்டினா பாவமில்லையா?"

"ஆமாம்" என்றார். அவருக்கும் சரியென்றுதான் பட்டது.

அவள் கிணற்றடியில் குந்தி அரைமணி நேரம் தேய்த்தாள். ராணியின் காதுக்குள் இருந்த கறுப்பை ஈர்க்குச்சியில் துணி சுற்றி எடுத்தாள். கடைசியில் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். காசு இளஞ்சிவப்பாக இருந்தது.

"இன்னும் பத்து ரூபாய் சேர்த்தே குடுப்பார்" என்றாள். அவள் விரல்நுனிகள் புளியில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. துணியில் மடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

காலையில் அவர் கிளம்பும்போது வைஜயந்தி விழித்துக்கொண்டாள். "வெச்சுண்டேளா?" என்று கேட்டாள். முடிச்சைக் காட்டினார். தூங்கச் சொன்னார்.

பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். வண்டியில் மில் ஆட்கள். டிபன் தூக்கு எல்லார் மடியிலும் இருந்தது. பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். பொன்னேரியில் ஒருவன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். அவர் காலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தானா, திருமண்ணைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து மில் இரண்டு மைல். நடந்தார்.

கேட்டில் காவல்காரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா சாமி, இந்தப் பக்கம்? யாருக்குனா திதியா?"

"பாக்கியநாதனைப் பார்க்கணும். சம்பள ஆபீஸ்."

"சம்பளக்காரரையா? அவுர எல்லாருந்தான் பாக்கணும்னு சொல்றாங்க. மூணு மாசமா ஓட்டி காசு, அதான் ஓவர்டைம் காசு, தரல. நீயும் ஓட்டி பாத்தியா?"

"எனக்கு ஓட்டியெல்லாம் கிடையாதுப்பா."

"குடுத்து வச்சவன்" என்று சொல்லி, நிழலில் உட்காரச் சொன்னான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதிய பிறகு பாக்கியநாதன் வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ராமபத்ரனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கய்யா. மச்சான் லெட்டர் போட்டதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதே காசு எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. மொழுக்குனு தேஞ்சு போனது. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார். சாப்பிடவில்லை. வெளியில் சாப்பிடுகிற வழக்கம் இல்லை.

டைம் ஆபீஸ் ஜன்னலோரம் ஒரு மேஜை. பாக்கியநாதன் டிராயரிலிருந்து சிகரெட் டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல் ஏழெட்டுக் காசுகள், எல்லாமே கறுப்பும் பழுப்புமாக.

"இங்க சம்பளத்துக்கு பேங்க்லேர்ந்து மூட்டையா சில்லறை வரும். முன்னாடி அதுல பழைய காசும் கலந்து வரும். கவர்ல போடறதுக்கு முன்ன ஒவ்வொண்ணாப் பாப்பேன். அதுல கெடச்சதுதான் இவ்வளவும். நாலு வருஷமா ஒண்ணும் சிக்கல. எல்லாம் புதுப் பைசா. வீட்டுக்காரி திட்டறா, சம்பளத்தைப் பிரிச்சுப் பாக்கறவர் நீங்க ஒருத்தர்தான்னு."

ஒரு காசை விளிம்பில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். முகத்தில் விரல் படவில்லை.

ராமபத்ரன் முடிச்சை அவிழ்த்து, துணியைப் பிரித்து, மேஜையில் வைத்தார்.

பாக்கியநாதன் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதுவா?"

"இதுதான்."

"மச்சான் கறுப்புன்னு எழுதியிருந்தாரே."

"ஆமாம். நேத்து தேய்ச்சது. தர்ப்பணக் காசு. சுத்தம் பண்ணித்தான் தரணும்."

பாக்கியநாதன் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் காசின்மேல் பிடித்து, ராமபத்ரனைப் பார்க்கச் சொன்னார். ராணியின் கன்னத்தில் கோடுகள். நெற்றியிலிருந்து கழுத்துவரை நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக.

"என்ன போட்டுத் தேய்ச்சாங்க?"

"செங்கல்பொடி."

"நூத்திப் பத்து வருஷம்யா" என்றார் பாக்கியநாதன். குரலில் கோபம் இல்லை. "நூத்திப் பத்து வருஷமாக் காத்துப் பட்டுப் பட்டு ஒரு நிறம் வரும். அதுதான் காசு. மீதி வெறும் செம்பு. அந்த நிறம் போச்சுன்னா திரும்பி வராது. என்ன செஞ்சாலும் வராது."

வெளியே லாரியில் இரும்புக் கம்பி ஏற்றினார்கள். சத்தம் நிற்கும்வரை ராமபத்ரன் கண்ணாடிக்கடியில் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வாங்கிக்க முடியாதா?" என்று ராமபத்ரன் கேட்டார்.

"வாங்கி என்ன பண்றதுய்யா? இதை மத்ததோட வைக்க எனக்கு மனசு வராது." சட்டைப் பையில் கையை விட்டார். "வந்து போன செலவுக்கு வேணா..."

"வேண்டாம்."

பாக்கியநாதன் கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தார்.

"உங்களுக்கு இந்த மாதிரி நெறைய வந்திருக்குமே? எத்தனை வருஷமாப் படியில உக்கார்றீங்க?"

"முப்பது."

"அதெல்லாம் செலவழிச்சிட்டீங்களா?"

"செல்லாதது ஒரு டப்பா நிறைய இருக்கு."

"அதைக் கொண்டாங்கய்யா. ஒண்ணு ரெண்டு தேறினாக்கூடப் போதும்."

ராமபத்ரன் துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"எல்லாம் தேய்ச்சதுதான்" என்றார்.

கேட்வரை பாக்கியநாதன் கூட வந்தார். "பொண்ணு ஹையர் எழுதறாங்கன்னு மச்சான் சொன்னாரு. பாஸ் பண்ணினதும் அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க. தை மாசம் இங்க ஒரு எடம் காலியாகுது" என்றார். ராமபத்ரன் தலையசைத்தார்.

இரண்டு மணி வண்டி போய்விட்டிருந்தது. அடுத்ததில் ஏறினார். செருப்பைக் கழற்றிக் காலை எதிர் பெஞ்சின் அடியில் மறைத்துக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தார். பாக்கியநாதன் ஊரில் இல்லை என்று சொல்லலாம். யேசுதாஸ் விசாரிப்பார். காசு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். அது வெள்ளிக்கிழமைவரை எல்லாரையும் தெருத்தெருவாகத் தேடவைக்கும். நிஜத்தைச் சொல்லலாம். அதைச் சொல்வதற்குள் கோமளவல்லியின் விரல்நுனிகள் ஞாபகம் வந்தன. தேய்க்க ஆமாம் சொன்னது தான்தான் என்பதும் ஞாபகம் வந்தது. கொருக்குப்பேட்டை தாண்டும்போது சொல்ல ஒன்று கிடைத்தது. பாக்கியநாதனிடம் இதே வருஷத்துக் காசு ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாதி நிஜம்.

சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட்டுக்குப் போனார். பழைய பூட்டும் கடிகாரமும் காசும் பரப்பி வைத்திருந்த ஒருவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சாமி, சூடு ஆறல? நேத்திக்குத்தான் அடிச்சியா?"

"பழசுப்பா. வருஷம் பார்."

"வருஷம் இன்னா வருஷம், யார்னா போடலாம். மூஞ்சியப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி கீது." திருப்பிக் கொடுத்தான். "கருப்பா கெடந்தா சொல்லு, பேசலாம். இத்த பாத்திரக் கடையில எடைக்குப் போடு."

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரம். கோமளவல்லி வாசலில் நின்றாள். அவர் காலைப் பார்த்து, உள்ளே போய்ச் சொம்பில் வெந்நீர் கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பார்த்ததும் என்ன சொன்னார்? பளபளன்னு இருக்குன்னாரா?"

"வாங்கிக்கலை. அவர்கிட்ட இதே வருஷத்துக் காசு ஒண்ணு இருக்காம்."

சொம்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சாய்ந்தது. "இருக்கறவாளுக்கு இன்னொண்ணு இருந்தா என்னவாம்" என்றாள். "அவ்வளவு தூரம் வரவழைச்சுட்டு."

வைஜயந்தி கூடத்திலிருந்து வந்தாள். இன்ஸ்டிட்யூட்டிலிருந்து இப்போதுதான் வந்திருக்கவேண்டும். கையில் நோட்டு இருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். முகத்தில் அவர் பயந்தது எதுவும் இல்லை.

"போனாப் போறதுப்பா" என்றாள். "ராயபுரத்திலே இன்னொருத்தர் வாங்கறாராம். யேசுதாஸ் சார் இன்னிக்குத்தான் சொன்னார். நாளைக்கே அவர் அந்தப் பக்கம் போறார், தானே எடுத்துண்டு போய்க் காட்டறேன்னார். அறுபதுக்குக் குறையாதாம். வெள்ளிக்கிழமை காலையிலே கட்டிடலாம்."

ராமபத்ரன் ஈரக் காலோடு நின்றார்.

"முடிச்சைக் குடுங்கோ, நோட்டிலேயே வெச்சுக்கறேன்." அவள் கையை நீட்டினாள். "சார் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். தேய்க்க மட்டும் கூடாதாம், தேய்ச்சா காலணா பெறாதாம். நாம யாரும் தேய்க்கலையேப்பா?"