சிவாஜினியிடம் வந்த வெடிகள்

சுஜீதன் சுட்ட வெடிகளின் சத்தம் சுடுதளத்தில் கேட்கவில்லை. ஒரு மணி நேரத் தூரத்தில், ஆஸ்திரேலியாவின் டான்டினாங்கில், அவன் மனைவி சிவாஜினி நின்ற குசினியில் கேட்டது. துப்பாக்கி இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கென்று செய்த பழைய 303. போர் முடிந்தபின் யாரோ குழலைக் குறுக்கி, முன்பக்க மரத்தை அறுத்தெடுத்து, தொலைநோக்கி பூட்டி மான் வேட்டைக்கு ஏற்றதாக்கியிருந்தார்கள். ரயில் பட்டறையில் அவனோடு வேலைசெய்த கிழவர் ஓய்வுபெறும்போது அதை அவனுக்கு விற்றார். லைசென்ஸ் எடுத்து, இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரோடு பூட்டி, எல்லாம் சட்டப்படிதான் செய்தான். வன்னிப் போரில் துப்பாக்கிக்கு முன்னால் மட்டுமே நின்றவனுக்கு ஒருமுறையாவது பின்னால் நின்று பார்க்க ஆசை. சிவாஜினிக்கு அது விளங்கியதால் மறுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை போல்ட்டை இழுத்துத் தள்ளி விசையை அழுத்தினான். துப்பாக்கி தோளில் உதைத்தது, தூரத்து அட்டையில் ஓட்டை விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. காதுமூடியின் வேலை என்று நினைத்து மேலும் மேலும் சுட்டான். வீடு திரும்பியபோது பருப்புச் சட்டி கருகிக் கிடந்தது. சிவாஜினி மேசைக்கடியில் இருந்தாள்.

அன்றோடு சுடுவதை விட்டு, துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்தான். அவர்கள் அதை உருக்கக் கொடுத்தார்கள். அதன்பிறகு, அவன் வாங்குவதற்கு முன்பு அந்தத் துப்பாக்கியால் சுட்டவர்களின் வெடிகள் வரத் தொடங்கின. சிப்பாய்கள் சுட்டுப் பழகியவை, வேட்டைக்காரர் மானுக்கு வைத்தவை. அயலவர் முறையிட்டதால் பொலிஸார் வந்து வீட்டைத் தேடி, தேத்தண்ணி குடித்து, தாங்களும் ஒரு வெடியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பென்டிகோ நகருக்குப் போய் மோட்டல் எடுத்துத் தங்கினால் அங்கே குளியலறையில் கேட்டது. கேரம் டவுன்ஸ் கோயிலில் தீபாராதனை நேரம் சிவாஜினியின் தோளருகே வெடித்தது; ஐயர் தட்டைக் கீழே விட்டார். சத்தம் வீட்டுக்கு வரவில்லை, அவளிடம் வருகிறது என்று அப்போதுதான் சுஜீதனுக்குப் புரிந்தது. பிறகு அவள் வெளியே போகவில்லை. வேலைக்கு லீவு போட்டு அவனும் போகவில்லை. யன்னல்களை மூடிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு குளிர்கால மத்தியானம் வெடி வந்தபோது சுஜீதன் வழக்கம்போலத் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தான். சிவாஜினி மரக்கறி வெட்டும் கத்தியும் கையுமாக நின்றபடியே நின்றாள்.

"எழும்புங்கோ," என்றாள். "அங்கை ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஆர் விழுந்தது எண்டு தேடினனாங்கள். இதுக்கு ஒருத்தரும் விழேல்லை."

"நான்தானே கொண்டுவந்தனான்."

"ஓம், நீங்கள்தான். லீக்ஸைக் கழுவித் தாங்கோ."

அவன் எழுந்து கழுவிக் கொடுத்தான்.

இப்போது அவள் வீட்டிலிருந்தே தைக்கிறாள். வெடி வந்தால் மெஷினிலிருந்து காலை எடுத்து, அது அடங்கியதும் மறுபடி மிதிக்கிறாள். கலியாண பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் சுஜீதன் வாசலிலேயே சொல்லிவிடுகிறான், பயப்படாதேங்கோ, அது அவவுக்கு வாறது என்று. அவர்களும் ஓம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள்.