ஒன்றேகால் அங்குலம்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அந்தக் கார் தானாக ஓடி வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் இழுவை வண்டி வந்து பழைய இரும்புக்கு உடைக்க இழுத்துப் போகும். ரெனே கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டாள். விவாகரத்தாகி மூன்று வருஷமாக முன்னாள் புருஷன் கர்ட்டின் எழுபத்திரண்டாம் மாடல் கார் அவளுடைய கராஜை அடைத்துக்கொண்டு கிடந்தால், அவளும்தான் என்ன செய்வாள்?

கர்ட் பதறவில்லை. பதறுவது விஷயம் தெரியாதவர்கள் வேலை. டேட்டன் ஊரில் விஷயம் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது அவன் எண்ணம்.

கியர்பெட்டியின் வாலைத் தாங்குகிற குறுக்குச்சட்டம் துருவேறி உளுத்திருந்தது. பழைய கார்கள் குவிந்த யார்டில் அதே மாடலைத் தேடி, சேற்றில் மல்லாந்து கிடந்து ஒன்றைக் கழற்றினான். கல்லாவில் இருந்தவள் எல்லாருக்கும் செய்வதுபோல அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் அம்பு போட்டாள்: இந்தப் பக்கம் முன்னால். எனக்கே வழி காட்டுகிறாளா என்று வீடுவரை பொருமினான். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எவனும் குனிந்து பார்க்கப்போகாத அந்த இரும்புக்குப் பளபளவென்று கறுப்பு அடித்தான். அம்பு போயிற்று.

சனிக்கிழமை காலை, ரெனேயின் தம்பி லானி உதவிக்கு வந்தான். அக்காள் உறவை முறித்த பிறகும் அவன் முறிக்கவில்லை. கர்ட்டின் கணக்கில் அது புத்தியில்லாதவன் லட்சணம்.

ஜாக்கியில் கியர்பெட்டியைத் தூக்கி, சட்டத்தைப் பொருத்தினார்கள். இரண்டு ஓரமும் கச்சிதம். நடு ஓட்டை மட்டும் ஒன்றேகால் அங்குலம் தள்ளி நின்றது.

"திருப்பிப் போட்டுப் பாரு மாப்ள" என்றான் லானி.

"ஆமா, ஐயா பெரிய இன்ஜினியரு. பீட்சா கொண்டுபோய்க் குடுக்கறவன்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டான். யார்டுக்காரி தப்பான சட்டத்தத் தலையில கட்டிட்டா."

"இல்ல, நடுவுல பாரு, ஒரு பக்கமா ஒதுங்கித்தான இருக்கு..."

"லைட்டப் புடி. வாயக் காட்டாத."

கடப்பாரையால் நெம்பினான். இன்ஜின் முனகியது, ஓட்டை நகரவில்லை. பதினொன்றரைக்கு இழுவை வண்டி வந்து வாசலை மறித்து நின்றது. ஓட்டுநர் இறங்காமல் டோனட் தின்றான்.

"பக்கத்துக் கடையில நீள போல்ட் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று லானியை விரட்டினான் கர்ட். லானி தெருமுனை திரும்பியதும் சட்டத்தைக் கழற்றினான், திருப்பினான், மாட்டினான். போல்ட் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் கார் புகை கக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது. ஓட்டுநர் ஏமாந்த முகத்தோடு ரெனே கையெழுத்துப் போட்ட தாளை மடித்தான். "காலைலேர்ந்து பண்றீங்களாமே, என்ன சிக்கல்?"

போல்ட்டோடு லானி மூச்சிரைக்க வந்து நின்றது அப்போதுதான். கர்ட் கட்டைவிரலால் அவனைச் சுட்டினான். "இந்த அறிவாளிதான். சட்டத்தத் திருப்பி மாட்டிட்டான். நான் பாக்கலன்னா கார் போயிருக்கும்."

ஓட்டுநர் சிரித்தான். லானி குனிந்து காருக்கடியில் பார்த்தான். நிமிர்ந்தான். கராஜுக்குள் போய், கர்ட்டின் ஸ்பேனர் பெட்டியையும் ஜாக்கியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து புல்தரையில் வைத்தான். பிறகு உள்ளே போய்க் கதவை இறக்கினான்.

"டேய், மூளையில்லாதவனே, இதையெல்லாம் யாரு ஏத்தறது?" என்று கத்தினான் கர்ட்.

உள்ளே தாழ் விழுந்தது.