ஒன்றாம் எண் அச்சு

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காலி. மூன்று வாரத்தில் இது பதினோராவது முறை. துடைத்து வைத்த மாதிரி காலி செய்துவிட்டு, மூடியை ஒழுங்காகப் போட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். திருட்டில் இந்த நாகரிகம் வேறு ஒரு கேடு.

அவள் வேலை செய்வது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். மெழுகில் பல் செதுக்குவாள். மேஜையெங்கும் பிளாஸ்டர் மாவுத் தூசியும் பிசின் நெடியுமாக இருப்பதால் சாப்பாட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர் மேற்பார்வையாளர். காபிக் கோப்பை யாருடையது, ஜன்னலைத் திறந்து வைத்தது யார் என்று எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்வதால் அவருக்கு நீதிபதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் முறையிட்டபோதும் நீதிபதிதான் விசாரித்தார். வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாய் என்றார். அடுத்த முறை, பெயர் எழுதி ஒட்டு என்றார். ஒட்டினாள். பெயர் ஒட்டிய டப்பாவும் காலியானது. கடைசியில், ஒரு வாய்ச் சோற்றுக்காக உடன் வேலை பார்ப்பவர்களைச் சந்தேகப்படுவது அசிங்கமாக இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். திருடியவன் தலைநிமிர்ந்து நடக்கிறான், பறிகொடுத்தவள் கூனிக் குறுகி நிற்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

சோறு போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அதைச் சமைத்தது அப்பா. பக்கவாதத்தில் வலது கை செயலிழந்து எட்டு மாதம் எதிலும் ஒட்டாமல் படுத்தே கிடந்தவர். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டுவது என் பொறுப்பு என்று அவராகவே அடுப்படிக்குப் போனார். இடது கையால் ஒரு உருளைக்கிழங்கைத் தோலுரிக்கக் கால் மணி நேரம் ஆகும். கிண்ணத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முட்டை அடிப்பார். மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எப்படி இருந்தது என்று கேட்டுவிடுவார். பிரமாதம் என்பாள். வேறு என்ன சொல்வாள்? உங்கள் ஒரு மணி நேர உழைப்பை எவனோ நின்ற வாக்கில் விழுங்கிவிட்டான் என்றா?

அன்று மாலை அப்பா, "கேரட் வெந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

"பூ மாதிரி வெந்திருந்துச்சுப்பா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு நான் கேரட்டே போடலியேம்மா."

இனி மறைத்துப் பயனில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னாள். அதை அவர் நம்பவில்லை என்பதுதான் கொடுமை.

"என் சமையலை எவன்மா திருடுவான்? பிடிக்கலைன்னா சொல்லிடு. கொட்டாதே."

மறுநாள் காலை அடுப்பு எரியவில்லை. அவள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ரொட்டியும் ஒரு கட்டிச் சீஸும் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். ஒரு கையால் வெட்ட வராது என்பதால் சீஸ் முழுசாகவே கிடந்தது. இதில் நான் கெடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எட்டு மாதப் படுக்கை மறுபடி தொடங்குகிறதோ என்று அவள் பயந்தாள்.

மதியம் டப்பாவில் ரொட்டியைக் காணோம். சீஸ் இருந்தது. யாரோ வரும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்; ஓரத்தில் வாய் நிறையக் கடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே உள்ளே போட்டிருந்தான். எச்சில் பண்டத்தை. அவளுக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. டப்பாவை விசிறியடிக்கக் கையை ஓங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். கடித்த இடம் அவ்வளவு சுத்தமாகப் பதிந்திருந்தது. மேல் வரிசையில் ஆறு பற்கள். இடது கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. பத்து வருஷமாகப் பல்லை வைத்தே பிழைப்பவளுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே வாயைத் திறந்து, தன் பல்லுக்கு அச்சு எடுக்கக் கொடுக்க வேண்டும். பழையவர்கள் சுற்றி நின்று கேலி செய்வார்கள். அந்த அச்சில் வார்த்த மாவுப் பல்வரிசைகளுக்கு எண் போட்டு அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். அச்சு என்றுதான் அவற்றையும் சொல்வது. தொழில் கற்பவர்கள் அவற்றில்தான் பழகுவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். இருபதில் தொடங்கி இரண்டு வரை வந்தும் எதுவும் சேரவில்லை. மிஞ்சியது, கூடம் திறந்த அன்று இந்த வழக்கத்தையே தொடங்கி வைத்தவர் கொடுத்த ஒன்றாம் எண் அச்சு.

சாப்பாட்டு அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேரே போய் நீதிபதியின் முன்னால் சீஸை வைத்தாள். கடித்த இடத்தில் அச்சைப் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் பல் தெரியும். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஒரு துண்டு சீஸுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அவர் ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை.

"சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க சார். எடுத்தது நீங்கதான்னு எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா அவர் நம்ப மாட்டேங்கிறார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பல்லுக்கு மெருகு போடுகிற பெரியவர், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார், நீதிபதியின் அதே தீர்ப்புக் குரலில்.

மாலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி வாசற்படியிலேயே நின்று, எதிர்பார்த்ததற்கு மேலேயே ஒப்புக்கொண்டார். முதலில் ஒரு வாய்தான் எடுத்தாராம், பிறகு விட முடியவில்லையாம். முட்டை எவ்வளவு மெத்தென்று இருந்தது, உருளைக்கிழங்கில் மிளகு எப்படி இறங்கியிருந்தது என்றெல்லாம் நாள்வாரியாகச் சொன்னார். இந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்றார். அவளுக்குப் பாதிக் கோபம் அடங்கியது. அப்பா கேட்க வேண்டியது இதைத்தானே? நாளைக் காலை அடுப்பு எரியும். முகம் மலரப் போகிறது என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் மலரவில்லை. அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எத்தனை நாள் எடுத்தே?"

"பன்னெண்டு நாளுங்கய்யா."

"பன்னெண்டு நாள் என் பொண்ணு பட்டினி. நீ எனக்கு ருசி சொல்ல வந்திருக்கே. வெளியே போ."

நீதிபதி போய்விட்டார். அப்பா உட்காரவில்லை. கோபம் இப்போது அவள் பக்கம் திரும்பியது.

"சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு நான் தினமும் கேட்டது எதுக்குன்னு நினைச்சே? பாராட்டு வாங்கவா? நீ சாப்பிட்டியான்னு தெரிஞ்சுக்கத்தாம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, இன்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடலப்பா" என்றாள்.