வாஹாவின் குலவை

வாஹா என்பது அரபி மொழியிலேயே கணினியை இயக்கிய பழைய மென்பொருள். அதைத் தயாரித்த கம்பெனியை இழுத்து மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிடியைப் போட்டு, வாஹா கணினியில் ஏறி முடித்ததும், ஒரு பெண்ணின் குலவை ஆறு விநாடி கேட்கும். கெய்ரோவில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நம் மனசு தெரிந்த கம்பெனி என்று மெச்சாத ஆள் கிடையாது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் இந்தக் குலவையைப் பற்றியே இருபது பக்கம் எழுதிவிட்டுப் போனார்.

குலவையை வைத்தது கம்பெனி அல்ல, தான்தான் என்பது ஷௌக்கிக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் காலத்தில் கெய்ரோவின் ஷுப்ரா பேட்டையில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை இருந்தது. வாஹாவைத் திருட்டு நகல் எடுத்து விற்றார். எல்லோரும்தான் விற்றார்கள். அசல் வாஹா ஏறி முடிந்தால் மூச்சுக்கூட விடாது. வாங்கிப்போனவர்கள் முடிந்தது தெரியாமல் திரையையே வெறித்துக்கொண்டிருந்துவிட்டு, சிடி ஓடவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். ஷௌக்கி யோசித்தார். நல்ல காரியம் முடிந்தால் வீட்டில் குலவைதானே கேட்கும்? தன் நிச்சயதார்த்தக் கேசட்டிலிருந்து ஆறு விநாடியை வெட்டி நகலுக்குள் சொருகினார். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது. சண்டை நின்றது. அவருடைய நகலை மற்ற கடைக்காரர்கள் நகலெடுக்க, அதை நாடே நகலெடுத்தது.

இப்போது அதே ஷௌக்கி, பழைய சிடிகளைக் காப்பாற்றி வைக்கும் சங்கத்தில் சரிபார்ப்பாளர். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் போலியைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? சங்கத்தின் தலைவர் லபீப், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், விதியைத் தவிர எதையும் நம்பாதவர். ஒவ்வொரு சிடிக்கும் கணினி ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டுத் தரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். மூன்று வெவ்வேறு வீட்டுச் சிடிகள் ஒரே எண்ணைத் தந்தால் அது அசல். இதுதான் விதி. வாஹாவுக்கு மூன்றல்ல, பதினொரு வீட்டிலிருந்து வந்த சிடிகள் அச்சுப் பிசகாமல் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும், பதினொன்றும் ஷௌக்கியின் கடை வம்சம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முத்திரை குத்திவிட்டு, வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி இருந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, தன்தாவிலிருந்து ரயிலேறி இன்ஸாஃப் என்ற அம்மா வந்தார். கையில் ஒரு டப்பா கடலை மிட்டாயும், ஒரு வாஹா சிடியும், கம்பெனி கொடுத்த ரசீதும் இருந்தன. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தவராம். தொண்ணூற்றொன்பதில் கம்பெனிக்கே நேரில் போய் வாங்கிய சிடி இது. மற்ற அலுவலகங்களில் எல்லாம் வாஹா குலவையிட, இவர் வாங்கியது மட்டும் ஊமையாக இருந்திருக்கிறது. போலியை வாங்கி ஏமாந்தார் என்று அவருடைய பணிப்பதிவேட்டில் எழுதிவிட்டார்கள்.

"குலவை இல்லாத இன்ஸாஃப்னு பேரு வச்சாங்க. ஓய்வு பெறுற அன்னிக்கு டீ குடிக்கையில கூட ஒருத்தன் சொன்னான். இது அசல்னு ஒரு கடுதாசி குடுங்க, போதும்," என்றார் அந்த அம்மா.

கணினி கணக்குப் போட்டது. எண் பொருந்தவில்லை. ஏற்றிப் பார்த்தார்கள், சத்தமில்லாமல் முடிந்தது. லபீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், பதினொண்ணு ஒரு பக்கம் நிக்குது, உங்களது தனியா நிக்குது. ரசீது எந்தச் சிடிக்குன்னு யாரு கண்டா? இது போலி. உஸ்தாத் ஷௌக்கி, கையெழுத்துப் போடுங்க."

இன்ஸாஃப் அழவில்லை. மிட்டாய் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். ஷௌக்கி தன் பங்கு மிட்டாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடைச் சண்டையை நிறுத்தச் செய்தது இந்த மனுஷியின் பெயரை இத்தனை வருஷம் கெடுத்திருக்கிறதே என்று நினைத்தார்.

"அந்தம்மாவோடதுதான் அசல். நம்ம பதினொண்ணும் போலி. நான் பண்ணினது," என்றார்.

யாரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. இரக்கப்பட்டுப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று லபீப் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வாய்ச்சொல்லை ஏற்க விதியில் இடமில்லை, ஆதாரம் வேண்டும் என்றார். கேசட்டோ என்றைக்கோ பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே ஆதாரம், இரண்டு தெரு தள்ளி வீட்டில் முலுக்கியாக் கீரை சமைத்துக்கொண்டிருந்தது.

ஷௌக்கியின் மனைவி சுஹைர் பூண்டு வாசனையோடு வந்து சேர்ந்தாள். அவளுக்கு இந்தக் குலவையைக் கண்டாலே ஆகாது. மருந்துக்கடையில் கேட்டாலும் வங்கியில் கேட்டாலும், பாதியில் மூச்சு அறுந்துபோகிறதே, இவளை யார் கூப்பிட்டது என்று திட்டிவிட்டுத்தான் நகர்வாள். ஷுப்ராவில் குலவைக்குப் பெயர் போனவள் அவள்.

லபீப் பழைய சிடியை ஓடவிட்டார்.

"இந்த மூச்சுமுட்டியைக் கேக்கவா என்னை அடுப்பிலேர்ந்து இழுத்துட்டு வந்தீங்க?" என்றாள் சுஹைர்.

"அது நீதான்," என்றார் ஷௌக்கி. "நம்ம நிச்சயத்தன்னிக்கு."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டாள். முகம் மாறியது.

"இருபத்தஞ்சு வருஷமா ஊர் ஊரா என்னைக் கத்தவிட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே நீ. நானே என்னைத் திட்டியிருக்கேனே."

லபீப் நடுவில் புகுந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குலவை வேண்டும், பதிவில் மூன்றாவது விநாடியில் குரல் உடைகிறது, அதுவும் பொருந்த வேண்டும் என்று விதியை விளக்கினார்.

"என் குரலா? உடையாது," என்றாள் சுஹைர். "அன்னிக்கு உடைஞ்சதுக்குக் காரணம் இவரு. பொம்பளைங்க எல்லாம் தயங்கி நின்னாங்க, வெக்கத்தை விட்டு நானே குலவை போட்டேன். திரும்பிப் பாத்தா, மோதிரம் போட்ட கையோட மாப்பிள்ளை தேம்பித் தேம்பி அழுதுட்டிருக்காரு. சிரிப்பு வந்துருச்சு."

தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். வாயருகே கையை வைத்துக் குலவையை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படியே கண்ணைத் திருப்பி ஷௌக்கியைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், மடியில் கடலை மிட்டாயோடு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். சுஹைருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து குரல் அறுந்தது.

லபீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணாவது விநாடி. பொருந்துது," என்றார்.

பதினொரு சிடிகளும் போலிப் பட்டியலுக்குப் போயின. சரிபார்ப்பாளர் பதவியிலிருந்து ஷௌக்கியை விதிப்படி நீக்கினார்கள். அவருக்குப் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. தன்தா தண்ணீர் வாரியத்தின் பெயருக்கே கடிதம் எழுதி, முத்திரை குத்தி, இன்ஸாஃப் கையில் கொடுத்தார் லபீப். அந்த அம்மா அதை இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் ரயிலுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"சுஹைர் கண்ணு, எனக்கு ஒரு குலவை வரவேண்டியிருக்கு," என்றார்.

சுஹைர் ஷௌக்கியின் தோளைப் பிடித்து, முதலில் அவரைச் சுவர் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். அப்புறம் மூச்சு அறாமல், ஆறு விநாடியையும் தாண்டி, குலவையிட்டாள்.