படத்தின் இடப்பக்கம்

நவம்பர் 12, புதன். இன்று ஒரு சின்னத் தவறு தெரிந்தது. பல் படத்தில் இடப்பக்கம் இருப்பது வாயில் வலப்பக்கம். அக்காவின் தாளைப் பார்த்து டைரியில் எழுதியபோது இதை மாற்றி எழுதிவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிய பிறகு சின்னவள் ‘சின்ன’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது கொஞ்சம் அதிகமோ என்று தோன்ற, அதன் தலைமேலேயே மறுபடி எழுதினாள். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், கால அட்டவணையைப் படித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. அது போனபிறகுதான் அது தன் பேருந்து என்று உறைத்தது.

பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்து உறையில் போடும் வேலை; மாலையில் பல் மருத்துவ உதவியாளர் வகுப்பு. மூன்று வாரத்துக்கு முன்பு, பயிற்சிக்காக வீட்டிலிருந்து ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் பாடம் எடுக்கும் பல் டாக்டரம்மா. சின்னவள் அக்காவைக் கூட்டிப்போனாள். பல் துலக்கினால் எச்சிலில் ரத்தம் வருகிறது என்று அக்கா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மெல்லிய அளவுகோல் குச்சியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது என்று எண்களைச் சொன்னார். சின்னவள் படத்தில் குறித்தாள். மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று. கீழ்க் கடைவாய்க்கு வந்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆறு, ஏழு, ஆறு. பல்லும் லேசாக ஆடியது. அந்தப் பக்கம் கடித்து மெல்லக் கூடாது, பல் இடுக்கில் நுழையும் சின்னப் பிரஷ்ஷால் தினமும் இரண்டு தடவை சுத்தம் செய்ய வேண்டும், ரத்தத்தில் வைட்டமின் டி பார்க்க வேண்டும், மூன்று வாரம் கழித்து ஆழமாகச் சுத்தம் செய்யும்போது பல்லை வைத்துக்கொள்ளலாமா எடுப்பதா என்று முடிவு செய்யலாம் என்றார்.

தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டைரிக்கு வந்தபோது பக்கம் மாறிவிட்டது. படம் எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வரைந்தது என்று முதல் நாளே டாக்டரம்மா சொன்னாராம். இன்று வகுப்புத் தோழி சொல்லித்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் சின்னவள் அதற்கு முந்தைய வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

இரண்டாவது வாரம் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “எனக்கு வலது பக்கம்தான்டி விண்ணுன்னு தெறிக்குது.”

சின்னவள் டைரியைப் பிரித்து நீட்டினாள். இடது என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. வலி சிலசமயம் இடம் மாறித் தெரியும் என்று விளக்கம் வேறு கொடுத்தாள்.

“சரிங்க வாத்தியாரம்மா. என் வாயைவிட உன் நோட்டுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று சிரித்துவிட்டு, அதன் பிறகும் அக்கா வலது பக்கமே மென்றாள். பிரஷ் இடது பக்கத்துக்குத்தான் போனது, காலையும் மாலையும், ஒருவேளைகூடத் தவறாமல். அந்த ஒழுங்குதான் இப்போது சின்னவளைப் பாடாய்ப் படுத்தியது. அக்கா கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா?

போதாக்குறைக்கு இன்றைய பாடமே வைட்டமின் டி. வெயில் தோலில் பட்டு உண்டாவது. அது குறைந்தால் சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பல்லைப் பிடித்து நிற்கும் தாடை எலும்பு தளரும். ஈறு வீங்கினால் சீக்கிரம் வடியாது. அக்காவுக்குத் திங்கட்கிழமை வந்த ரிப்போர்ட்டில் பதினொன்று. இருபதுக்குக் கீழே போனாலே குறைவாம். “அதுக்காக, மாத்திரை வந்து பல் துலக்கிவிடாது” என்று டாக்டரம்மா முடித்தபோது வகுப்பு சிரித்தது. சின்னவள் முதல் பாதியை எழுதியிருந்தாள். இரண்டாம் பாதிக்குப் பேனா நகரவில்லை.

அடுத்த பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஒரு வாக்கியம் தானாகவே வந்து நின்றது. அக்காவுக்கு விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிற அடித்தளக் கிடங்கு வேலை, ரத்தத்தில் பதினொன்று, பல் ஆடாமல் என்ன செய்யும்? யாரும் மறுக்க மாட்டார்கள். பொய்யும் இல்லை. பொய்யாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். பாதி உண்மையாக இருந்ததால் அது மடியிலேயே கிடந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். வீட்டில் அக்கா தூங்கிப்போயிருந்தாள். எழுப்பாமல் இருக்க அது ஒரு நல்ல சாக்கு.

மறுநாள் உணவு இடைவேளைக்கு, அக்கா வேலை பார்க்கும் பார்சல் கிடங்குக்கே போனாள். பின்புறம், லாரி நிற்கும் இடத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே கதவகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. அக்கா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வெயில் நகர நகரப் பெட்டியை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

“உங்க அக்கா இருக்கும்போது எங்களுக்குக் கடிகாரமே வேண்டாம்மா” என்றார் நிழலில் நின்ற லாரி டிரைவர்.

“பொறாமை அவருக்கு” என்று சொல்லிவிட்டு அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நேற்று ரொட்டி ஓரத்தைக் கடித்தபோது பல் சாய்ந்து எழுந்ததாகச் சொன்னாள். வலது பக்கத்துப் பல். பிறகு, “எல்லாம் அந்த வைட்டமின் குறைச்சலாலதானே?” என்றாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்காவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“அது மட்டும் இல்லக்கா” என்றாள் சின்னவள். “நான் பக்கத்தை மாத்தி எழுதிட்டேன். உனக்கு வலி எடுக்கிற பக்கம்தான் கெட்டுப்போன பக்கம்.”

அக்காவின் தாடை நின்றது. வாயிலிருந்த ரொட்டி வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மெதுவாக நகர்ந்து போனது வெளியிலிருந்தே தெரிந்தது. விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

“மூணு வாரமாவா?”

“இருபத்திரெண்டு நாள்.”

“அதையும் எண்ணி வெச்சிருக்கியா.” மடியில் விழுந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு, “நான் சொன்னேன்லடி” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இது வெறுமனே சொன்னது.

மணி அடித்தது. அக்கா சுருட்டிய கையை இறக்கிவிட்டு எழுந்தாள். பாதி ரொட்டியைத் தங்கையின் கையில் வைத்தாள். கொடுத்தாளா, பிடித்துக்கொள்ளச் சொன்னாளா என்று தெரியவில்லை. “டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லணும். நான் வாயைத் திறக்க மட்டும்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி உள்ளே போனாள். வெயில் பெட்டியை விட்டு நகர்ந்து சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. சின்னவள் பெட்டியை ஒரு அடி இழுத்து வெயிலுக்குள் வைத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினாள்.

நவம்பர் 13, வியாழன். சொல்லிவிட்டேன்.

நாளை, வெள்ளி: அக்காவைக் கூட்டிப்போக மாலை ஐந்தரைக்குக் கிடங்கு வாசலில் நிற்க வேண்டும். டாக்டரம்மா குச்சியை எடுக்குமுன் தவறைச் சொல்ல வேண்டும். எண்களைக் குறிக்குமுன், எந்தப் பக்கம் என்று அக்காவையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.