நெளிந்த மூடி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. போன மாதம் என் புத்தக அட்டைக்கு எழுத்துரு தேர்வு செய்யச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒன்று தடித்த, கொழுகொழு எழுத்து. வளைவெல்லாம் வட்டம்; அடியில் மட்டும் லேசாகத் தட்டை. பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 1984இல் திண்டிவனத்தில் தாண்டவராயன் என்றொரு பெயின்டர் இருந்தார். அவர் எழுத்தின் அழகு...

(வேண்டாம். அழகைப் பேசித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

இரண்டாவது: தாண்டவராயன் வளைவுகளை வெறுங்கையால் போடமாட்டார். பால்பவுடர் டப்பா மூடியைச் சுவரில் வைத்துப் பென்சிலால் சுற்றிவிட்டுப் பெயின்ட் அடிப்பார். மூடியின் விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருந்தது. அந்த நெளிசல் கீழே வரும்படி வைப்பார். ஊர்ச் சுவர்களில் அவர் எழுத்தெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

3

ஊரில் ஏதோ கடையடைப்பு நடந்த மறுநாள் காலை, மயிலம் சாலையில் ஒரு ரைஸ்மில் சுவரில் அதே எழுத்தில் ஒரு வரி இருந்தது: "பச்சைமுத்து ரோட்டில் சாகவில்லை."

பச்சைமுத்து அந்த மில்லில் கூலிக்காரன். நெல் ஊறப்போடும் தொட்டியில் விழுந்து செத்தவனைச் சாலையோரம் கிடத்தி, லாரி மோதியதாகக் கதை கட்டியிருந்தார்கள்.

மில் ஆட்கள் தாண்டவராயன் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி ஜெயம் வாசலை மறித்து நின்றாள்.

"நேத்து பூரா ஜுரத்துல படுத்துக்கினு இருந்தாருங்க."

அவர்கள் காதில் வாங்கவில்லை. மூடியைத் தேடி எடுத்து, அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். நெளிசல் அச்சாகப் பொருந்தியது. தாண்டவராயன் எழுதவில்லை. எழுதியது யாரென்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. தொழிலாளர் சங்கத்துப் பெயர்ப்பலகை எழுதவென்று முந்தின நாள் மூடியை இரவல் வாங்கிப் போய், அன்று விடிந்ததும் திருப்பித் தந்த மில் குமாஸ்தா வேங்கடேசன்.

4

(வேங்கடேசன் பொய்ப் பெயர். யாரோ ஒருவன் போலச் சொல்லிவிட்டேன். அது நான்தான்.)

பச்சைமுத்துவைத் தொட்டியிலிருந்து தூக்கியதை நான் பார்த்தேன். வாய் திறக்கத் தைரியமில்லை. ஊரெங்கும் இருக்கும் எழுத்தில் எழுதினால் என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். அவர் மாட்டிக்கொள்வார் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மில் கேட்டருகே நின்றிருந்தேன். உள்ளே போகும்போது தாண்டவராயன் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம் சொன்னார்: "மூடி எங்கிட்டதாங்க இருந்துச்சு."

கதவைச் சாத்தினார்கள். நான் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

5

முடிவு ஒன்று: சாயங்காலம் மிரட்டி அனுப்பிவிட்டார்கள்.

முடிவு இரண்டு: அவருடைய வலது கையை...

(எழுத வரவில்லை.)

எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான் திண்டிவனத்தில் இறங்கியதே இல்லை. பஸ் அந்த வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். விழுப்புரத்தில் என் வீட்டுக் கதவை யாரும் வந்து தட்டவில்லை. அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. எவ்வளவு நேரம் சொல்லாமல் தாங்கினார் என்பது தெரியவில்லை.

அட்டைக்கு அந்த எழுத்தையே கேட்டிருக்கிறேன். அதில் என் உண்மைப் பெயர் இருக்கும். திண்டிவனம் போனால், ஜெயம் இருக்கிறாரா என்று விசாரித்து அட்டையைக் காட்டுங்கள். அவர் சொல்வதை இதற்குக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.